எந்த ஊரு கண்ணாடி?

எங்கள் அண்ணியிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். தட்டு என்றால் அடிப்பக்கம், குடை என்றால் பிடி, செருப்பு என்றால் குதிகால் படும் இடம். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான்.

"இது எந்த ஊரு?"

பெண் பார்க்க வந்தவர்களை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். பதில் சரியாக வராவிட்டால் பொருள் கொடுத்தவர் கைக்கே திரும்பிவிடும். தேசபக்தி என்று நினைத்துவிடாதீர்கள். சுதந்திர தினத்தன்று சட்டையில் கொடி குத்த வந்தவர்களிடமே, கொடியை விட்டுவிட்டுக் குண்டூசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர். அவருடைய கணக்கு வேறு.

"கெட்டுப் போச்சின்னா போய் சட்டையைப் புடிச்சி கேக்கற தூரத்துல இருக்கணும் தம்பி, செஞ்சவன். கடலுக்கு அந்தாண்ட செஞ்சத வாங்கினு, அது ஒடஞ்சா நான் யார்கிட்ட போய் சண்டை போடறது?"

இது வெறும் பேச்சில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவர் தகர ஷெட் போட்டுத் திரி ஸ்டவ் செய்து விற்றார். அண்ணி வாங்கிய ஸ்டவ் ஒழுகியது. அதை மண்ணெண்ணெயோடு பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர் சேவூரிலிருந்து டவுன் பஸ் ஏறினார். பஸ் முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். கண்டக்டர் ஏதோ முணுமுணுக்க, "எறங்கற வரைக்கும் பீடி பத்த வைக்காத, அது போதும்" என்று அவரையும் அடக்கிவிட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் சரிசெய்த ஸ்டவ், அதற்கு மேல் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை.

"இது யார் வீட்டுக் கல்யாணம் அண்ணி?"

"ஸ்டவ்காரரு பொண்ணுக்கு. நல்ல மனுஷன் தம்பி. வாய்தான் கொஞ்சம் நீளம்."

சண்டை போடப் போய்ச் சொந்தமாகித் திரும்புவது அவர் வழக்கம். பாத்திரக்காரர், செருப்புக்காரர், கட்டில் கால் கடைந்தவர் என்று சுற்றுவட்டாரத்தில் அண்ணிக்கு இருந்த உறவுகளில் பாதி இப்படி வந்தவைதான். கல்யாணத்துக்கு முன்னால், அவர் பிறந்த ஊரான முள்ளிப்பட்டில் அவரிடம் மாப்பிள்ளை சேவூர் என்று சொன்னார்களாம். "பரவால்ல, பக்கம்தான். ரிப்பேருன்னாலும் செஞ்சவங்க வூட்லயேதான இருக்கப் போறேன்" என்றாராம். செஞ்சவர் என்றால் எங்கள் அம்மா. அம்மா அதைக் கேட்டுச் சிரித்தே பெண்ணை முடிவு செய்துவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த அண்ணன், எழுபதுகளின் கடைசியில் குவைத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டார்.

போகும்போது இரண்டு வருஷம் என்றார். அது நீண்டது. விடுமுறை என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அதுவும் இல்லை. ஆளுக்குப் பதில் பொருள்கள் வந்தன. டேப் ரெக்கார்டர் வந்தது. ஆரணி வெயிலில் பார்த்தாலே வியர்க்கிற, புலிப் படம் போட்ட கம்பளி வந்தது. தெருவே மணக்கும் சோப்புகள் வந்தன. அண்ணி ஒவ்வொன்றையும் கவிழ்த்தார், பார்த்தார், பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சோப்பாச்சும் எடுத்துப் போட்டுக் குளிக்கலாம்லக்கா?" என்று என் மனைவி ஆசையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"மூஞ்சி தெரியாதவன் செஞ்சத ஒடம்புல தேச்சிக்க மாட்டேன்."

"கஸ்டம்ஸ்ல இருக்க வேண்டியவங்க, தப்பித் தறியில உக்காந்துட்டாங்க" என்று நான் கிண்டலடிப்பேன். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வரும். ஒரே ஒருமுறை மட்டும் கிண்டல் இல்லாமல் கேட்டேன். ஏன் இப்படி என்று. அண்ணி தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"பொருளு வருது, ஆளு வரல. பொருள நான் எடுத்துகினா, ஆளு வேணாம்னு கணக்காயிடும்."

அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. அண்ணனின் பணத்தையும் அவர் தொடவில்லை. முதலாளி கொடுக்கிற பட்டுப் பாவு நூலை வீட்டுத் தறியில் நெய்து, அந்தக் கூலியில் சாப்பிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் இருந்தால் எனக்கு மரியாதை. ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. நடுத்தர வயது. (இன்றைக்கும் அதுதான் என்பது என் கட்சி.) ஜக்கார்டு அட்டை குத்துவது என் பிழைப்பு. சேலைக் கரையில் அன்னம் வேண்டுமென்றால், கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக அன்னத்தை நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். தறி அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் இழையைத் தூக்கும். ஒருநாள் காலையில் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாளைத் தள்ளிப் பிடித்தேன், பிரிந்தன. கொஞ்ச நாள் கழித்து இன்னும் தள்ளிப் பிடித்தேன். அப்புறம் என் கை நீளம் போதவில்லை.

நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லையே. குருடாகப் போகிறேன் என்று நானே தீர்ப்பு எழுதி, ரகசியமாகத் துக்கம் கொண்டாட ஆரம்பித்தேன். பொன்னாங்கண்ணிக் கீரையை மாடு மாதிரி மேய்ந்தேன். வருங்காலத்துக்கு உதவும் என்று கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினேன். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குள் நேராகப் போய் விழுந்தேன். முட்டி வீங்கியதற்குச் சைக்கிள் மேல் பழி போட்டேன். மனைவியின் முகத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று ஒரு சாயங்காலம் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா, திருடிகினு வந்தவன் மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள்.

தூரத்தில் இருந்த அவள் நன்றாகவே தெரிந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பயந்தவனுக்குச் சாட்சியெல்லாம் எதற்கு?

இந்த லட்சணத்தில்தான் அண்ணியின் தறிக்கு ஒரு புது அன்னம் குத்திக் கொடுத்தேன்.

சேலை முடிந்து முதலாளி பிரித்துப் பார்த்தபோது கரை நெடுக அன்னங்கள் இருந்தன. ஒன்றுக்கும் மூக்கு இல்லை. கால் முளைத்த பூசணிக்காய் வரிசையாக நடந்து போவதுபோல இருந்தது.

"இன்னாம்மா இது, அத்தினிக்கும் மூக்க அறுத்து உட்டுகீற?" என்றார் முதலாளி. நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இப்ப ஏத்தியிருக்கிற பாவு முடியட்டும். அதுவும் இப்பிடி வந்திச்சின்னா அடுத்த பாவ வேற தறிக்குக் குடுத்துடுவேன். தப்பா நெனச்சிக்காத."

அவர் போன கையோடு அண்ணி என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் சேலை, இன்னொரு கையில் என் அட்டைக் கட்டு.

"இந்தத் தப்பு எந்த ஊரு தம்பி?"

நான் வாய் திறப்பதற்குள் அட்டையைக் கவிழ்த்து விரலால் தடவிக் காட்டினார். மூக்கு வர வேண்டிய இடத்தில் ஓட்டையே இல்லை.

"என் தறி இல்ல. உன் அட்டை. நல்லவேள, செஞ்சவன் பக்கத்து வூட்லயே கீறான்."

மாட்டிக்கொண்டவன் சும்மா இருப்பானா? "அது சரி அண்ணி. அட்டையில இல்ல, ஒத்துக்கறேன். ஒரு சேலை பூரா மூக்கு இல்லாம வந்துகினு கீது, நெய்யறப்ப உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

அண்ணி மாடத்திலிருந்த ஊசியையும் நூலையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "கோத்துக் காட்டு." நான் குத்தினேன். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, நடுவில் மட்டும் போகவில்லை. "குடு இங்க" என்று வாங்கி அவர் குத்தினார். அவருடைய நூலும் காற்றைத்தான் தைத்தது. மாறி மாறி முயன்றோம். கடைசியில் அண்ணி ஊசியைத் தள்ளிப் பிடித்து, சந்தேகமாகப் பார்த்து, "இந்த ஊசி எந்த ஊரு?" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பைவிட நிம்மதி. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் குருடாக மாட்டார்கள் என்று ஒரு தைரியம் வந்தது.

அண்ணிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"இது உங்க அண்ணன் காதுல விழக் கூடாது தம்பி. தறிய நிறுத்துன்னு ஒடனே எழுதுவாரு. தறி நின்னா அவரு அனுப்பறதத் தின்னுகினு, அந்த பீரோவுக்கு வாட்ச்மேனா உக்கார வேண்டியதுதான். அப்புறம் இன்னாத்துக்கு அவரு வரப் போறாரு?"

வேடிக்கை என்னவென்றால் அந்த பீரோவுக்குள்ளேயே ஒரு படிக்கிற கண்ணாடி இருப்பதாக அண்ணி அப்போதுதான் சொன்னார். ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் கொடுத்தனுப்பியது. தங்கக் கலர் பிரேம். 'எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது, உனக்கும் மங்கியிருக்கும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அதப் போட்டுக்கங்களேன் அண்ணி."

"காதாண்ட இடிச்சா யாரக் கேக்கறது? வேணும்னா நீ எடுத்துக்க. எனக்கு நம்ம பக்கத்துல செஞ்சதா ஒண்ணு பாத்து வாங்கிகினு வா. ஜல்தி. பாவு காத்துகினு கீது."

பீரோ சாவி என் மடியில் விழுந்தது.

நம்ம பக்கத்தில் செய்த கண்ணாடி. கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆரணி பஜாருக்குப் போனேன். அந்தக் காலத்தில் ஃபாரின் என்று சொன்னால்தான் எதுவும் விலை போகும். குடையைத் தலைகீழாக விரித்துக் கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருந்த பிளாட்பாரக்காரர், "எல்லாமே ஜப்பான் சார்" என்றார்.

"நம்ம ஊர்ல செஞ்சது இல்லியா?"

அவர் முகம் சுண்டிப் போனது. "அந்த மாதிரி மால் நம்மகிட்ட கெடையாது சார். நாலு பேரு வந்து போற எடம் இது."

வாட்ச் ரிப்பேரோடு கண்ணாடியும் விற்ற கடையில் எல்லாம் சிங்கப்பூர். ஒன்றை எடுத்து அங்கே நின்ற காலேஜ் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். காதில் மாட்டும் காம்பின் உள்பக்கம் இந்தியா என்று போட்டிருக்கிறது என்றான். கடைக்காரர் பதறிவிட்டார். "அது சும்மா போட்டிருக்கான் சார், கஸ்டம்ஸ ஏமாத்த. உள்ள அத்தினியும் ஃபாரின்!"

"பரவால்ல, இந்தியாவுல எந்த ஊரு?"

"அத அவன் போடலியே."

அண்ணிக்கு இந்தியா ஒரு பதிலே இல்லை. சட்டையைப் பிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய ஊர் அது. தவிர, அதைப் போட்டுப் பார்த்தபோது கடைக்காரருக்கு இரண்டு மூக்கு தெரிந்தது. எங்களுக்கு அன்னத்துக்கு ஒரு மூக்கு போதும்.

பேஜாராகி வீடு திரும்பினேன். தறியில் பாவு. பீரோவில் கண்ணாடி. எனக்குள் இருந்த கோமாளி எழுந்துகொண்டான். பிளேடால் காம்பிலிருந்த எழுத்தைச் சுரண்டினேன். சைக்கிளுக்கு வாங்கி மிச்சமிருந்த கறுப்புப் பெயின்டைத் தங்கப் பிரேமின் மேல் பூசினேன். காய்ந்ததோ இல்லையோ, மறுநாள் காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேலூர்ல செஞ்சது அண்ணி. ஆரணியில வித்துகினு இருந்தாங்க."

அண்ணி வாங்கினார். கவிழ்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மாட்டிக்கொண்டு தறியைப் பார்த்தார். "ஒவ்வொரு இழையும் தனித்தனியா நிக்குது தம்பி" என்றார். குரலே மாறியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வேலூர்ல எந்தத் தெரு?"

"எ... எதுக்கு அண்ணி?"

"காதாண்ட இடிக்குது. கெளம்பு, போய் கேட்டுகினு வந்துடலாம்."

இப்படியொரு இடம் வரும் என்று அவரோடு அத்தனை வருஷம் பழகியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வேலூர் பஸ்ஸில் கண்ணமங்கலம் வரைக்கும் என்னென்ன யோசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ் பிரேக்டவுன் ஆக வேண்டும் என்று சேவூரிலிருக்கும் சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். நெஞ்சுவலி வந்ததாக நடிக்கலாமா என்று பார்த்தேன். நிஜமாகவே வலிப்பதுபோல இருந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டேன். பக்கத்தில் அண்ணி கண்ணாடியைக் கழற்றாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார். வியர்வையில் என் பெயின்ட் இளகி, மூக்கின் இரண்டு பக்கமும் கறுப்பாக வழிந்தது. காதோரத்தில் தங்கம் மின்னியது. அண்ணி முந்தானையால் துடைத்தார், கறையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

"வேலூரு மால் வெயிலுக்குக் கரையுமா தம்பி?"

"புதுசுல அப்பிடித்தான் அண்ணி இருக்கும்."

வேலூர் பஜாரில் எந்தச் சந்து என்று தெரியாமல் மூன்று சந்துகளில் சுற்றினேன். ஒரு சந்தின் கடைசியில் அரம் ராவுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறுப்புத் தகடு ஒன்றை ராவிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் கண்ணாடி பிரேம்கள். நம்ப முடியாமல் நின்றேன். நான் சொன்ன பொய்க்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். பாய் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது நம்ம மால் இல்லம்மா. யாரோ பெயின்ட் அடிச்சி நாஸ்தி பண்ணிகீறாங்க."

"தெரியும் பாய்" என்றார் அண்ணி. "எங்கூட்டுக்காரரு அனுப்பினது. அந்த சோப்போட ஒண்ணா பீரோவுல கெடந்த வாசன போவுமா? இதோ நிக்கறாரே, எங்க கொழுந்தனாரு, இவருதான் பெயின்டரு. பாவம், கண்ணு தெரியாம அடிச்சதுல உள்பக்கம் அப்பிடியே தங்கமா கீது."

நான் அங்கிருந்த சுவரொட்டி ஒன்றை மிகுந்த அக்கறையோடு படித்தேன். அதாவது படிப்பதுபோல நின்றேன்.

"அப்ப தெரிஞ்சுமா அண்ணி இவ்ளோ தூரம்..."

"நீ சொன்ன ஊருதான தம்பி. வேலூர்ல செய்யறாங்கன்னு உன் வாயிலதான வந்திச்சி. மெய்யாலுமே யாராச்சும் இருப்பாங்கன்னுதான் வந்தேன்." பாயிடம் திரும்பினார். "இந்தத் தகடு எந்த ஊரு?"

"அது பம்பாய் பக்கத்துலருந்து வருதும்மா."

"அறுக்கறது?"

"நான்தான்."

"கண்ணாடி?"

"தேய்க்கறது நம்ம மச்சான். பக்கத்துச் சந்து."

"அப்ப இது வேலூரு" என்று அண்ணி தீர்ப்பளித்தார். "சண்ட வந்தா ரெண்டு பேரும் ஊர்லயே இருப்பீங்கள்ல?"

பாய் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கம்மா போவப் போறேன்?"

கண் பார்க்க எழுத்து அட்டையை எடுத்தார். "எழுத்து வேணாம், எனக்கு இழை தெரிஞ்சா போதும்" என்று அண்ணி இடுப்பிலிருந்து ஒரு சுருள் பட்டு நூலை எடுத்து விரித்தார். பாய் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்ற மாற்ற, இழையைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார். நானும் அதே நூலில்தான் கண் காட்டிக்கொண்டேன். சாயங்காலம் வரை கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே தகட்டில் அறுத்த இரண்டு கண்ணாடிகளோடு திரும்பினோம். கட்டை விரல் பருமனில் கறுப்புப் பிரேம். இரண்டு பேரும் ஆந்தைக் குடும்பம் மாதிரி இருந்தோம். ஆனால் என் கட்டங்கள் பிரிந்து நின்றன, அட்டையைப் புதிதாகக் குத்தினேன். அந்தப் பாவில் வந்த அன்னங்களுக்கெல்லாம் ஊசி மாதிரி மூக்கு. முதலாளி பார்த்துவிட்டு அடுத்த பாவை இறக்கிவிட்டுப் போனார்.

அடுத்த கோடையில் வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். முன்தலையில் முடி இல்லை. பின்னால் பெட்டி பெட்டியாகச் சாமான்.

அண்ணி தறிக்குழியிலிருந்து அப்படியே எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. படிக்கிற கண்ணாடியாயிற்றே, வாசலில் நிற்கிறவர் புகை மாதிரிதான் தெரிந்திருப்பார். நேராக நடந்து போய் அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். தெருவே எட்டிப் பார்த்தது. "அடிக்கப் போறாங்களா?" என்று என் மனைவி என் காதில் கேட்டாள். அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்தார். முகம் தெளிவாகத் தெரிகிற தூரம் வந்ததும் நிறுத்தினார். பார்த்தார்.

"எந்த ஊரு?"

அண்ணன் சொன்னார்: "சேவூருதான்."

"இந்தக் கண்ணாடில கிட்ட இருக்கறது மட்டுந்தான் தெரியும். திரும்பப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். பெட்டிகளை எங்கே இறக்குவது என்று டிரைவர் கேட்டார். அண்ணி சட்டையை விடவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை ஆரம்பித்தது. ஸ்டவ் திரியில் தொடங்கி, இத்தனை வருஷத்துக் கணக்கையும் அண்ணி சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே அண்ணனின் குரலும் கேட்டது. என் மனைவி பதறிப்போய், "போய் வெலக்கி வுடுங்களேன்" என்றாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத் தாளை விரித்தேன்.

"சும்மா இரு" என்றேன். "ரிப்பேர் நடந்துகினு கீது."